எர்ணாவூர் குப்பத்தை ஒட்டிய மனை: வாங்கலாமா, கட்டலாமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. வடசென்னை எர்ணாவூரில் மீனவர் குப்பத்தை ஒட்டி 720 சதுர அடி மனை விலைக்கு வருகிறது. கடலிலிருந்து 180 மீட்டர், நத்தம் பட்டா (ஊர்க் குடியிருப்பு நிலத்துக்கான பட்டா) இருக்கிறது, விம்கோ நகர் மெட்ரோ நடந்து போகும் தூரம், கீழே கடையும் மேலே இரண்டு வாடகை வீடும் கட்டலாம் என்கிறார் தரகர். "இது பழைய ஊர், சி.ஆர்.இசட் (கடலோர ஒழுங்குமுறை மண்டலம்) தொந்தரவு கிடையாது, பத்து வருஷத்தில் குப்பமே இருக்காது, விலை மூன்று மடங்காகும்" என்றும் சொல்கிறார். இதில் எதை நம்பலாம் என்பது உங்கள் கேள்வி. கேட்கும்போது விலை பற்றிய கேள்விபோலத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே மூன்று விஷயங்கள் இருக்கின்றன: விற்பவருக்கு அதை விற்கும் உரிமை உண்டா, உங்களுக்கு அங்கே கட்ட அனுமதி கிடைக்குமா, கட்டினால் நிற்குமா. கடலோரக் கட்டடங்களையும் அவற்றின் பத்திரங்களையும் பார்ப்பது தொழில் என்பதால் மூன்றுக்கும் விவரமாகவே எழுதுகிறேன். சர்வே எண் தெரியாமல் தீர்ப்புச் சொல்ல முடியாத இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கரை. இந்தக் கடற்கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. வருஷத்தின் பெரும்பகுதி அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகிறது, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே தள்ளுகிறது. தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தை மீனவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து வருவதை வன்னி என்பார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். 1875-இல் அடிக்கல் நாட்டிச் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் எழுப்பிய பிறகு அந்த மணல் தெற்குப் பக்கமே தேங்கியது. மெரினா அவ்வளவு அகலமானது அதனால்தான். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் எல்லாம் வர வேண்டிய மணல் வராமல் தேய்ந்தன. குப்பங்களின் முன்வரிசை வீடுகள் கடலுக்குப் போயின, எண்ணூர் விரைவு சாலையே சில இடங்களில் அரித்தது. அதைத் தடுக்கத்தான் இன்று நீங்கள் பார்க்கும் கருங்கல் சுவரும் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தூண்டில் வளைவுகளும்.

இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்தால் மனையின் வருங்காலம் பாதி தெரிந்துவிடும். தூண்டில் வளைவின் தெற்கே மணல் சேரும், வடக்கே அரிக்கும். அடுத்தடுத்து வளைவுகள் இருந்தால் நடுவில் சின்னச் சின்ன மணல் வளைகுடாக்கள் நிலைக்கும். வரிசையில் கடைசி வளைவைத் தாண்டி வடக்கே போனால் அரிப்பு மிகவும் கடுமையாக இருக்கும். ஆக உங்கள் மனைக்கு நேர் எதிரே கடலில் என்ன இருக்கிறது என்பது முக்கியம். கருங்கல் சுவர் பின்னால் உள்ள நிலத்தைக் காக்கும், முன்னால் உள்ள மணலைக் காக்காது. அலை கல்லில் மோதித் திரும்பும்போது அடியில் இருக்கும் மணலை இழுத்துப் போகும், கல் கீழே இறங்கும், மேலே மறுபடி கொட்டுவார்கள். சுவருக்கு அருகில் போய்ப் பாருங்கள். பழைய கல்லில் சிப்பி ஒட்டிக் கறுத்திருக்கும், புதுக் கல் வெளிர் சாம்பலாக, உடைத்த முனை மழுங்காமல் இருக்கும். புதுக் கல் பழையதன் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் சுவர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

180 மீட்டர் என்ற கணக்கையும் சோதித்துவிடலாம். கூகுள் எர்த்தில் பழைய வருடங்களின் படங்களைப் பார்க்கும் வசதி உண்டு. அசையாத ஒரு பொருளை, கோயிலோ தண்ணீர்த் தொட்டியோ, எடுத்துக்கொண்டு அதிலிருந்து நீர் விளிம்பு வரை ஒவ்வொரு படத்திலும் அளந்து பாருங்கள். ஒரே மாதத்துப் படங்களையே ஒப்பிட வேண்டும். சென்னையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய 1 மீட்டர் வித்தியாசம் வரும். மணல் சரிவு பத்துக்கு ஒன்று, இருபதுக்கு ஒன்று என்று இருக்கும் கரையில் அந்த 1 மீட்டரே நீர் விளிம்பை 10 முதல் 20 மீட்டர் முன்பின் நகர்த்திவிடும். அதனால் ஒரு படத்தில் 15 மீட்டர் குறைந்தது என்று பதற வேண்டாம். பத்துப் பதினைந்து வருஷத்தில் ஒரே திசையில் குறைந்துகொண்டே வந்தால்தான் அது அரிப்பு.

இனி அனுமதி. "பழைய ஊர் என்பதால் சி.ஆர்.இசட் கிடையாது" என்பது தவறு, இதில் சந்தேகமே வேண்டாம். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை முதலில் 1991 பிப்ரவரியில் வந்தது, 2011-இலும் 2019-இலும் புதிதாக வெளியானது. மூன்றிலும், கடல் ஏற்றத்தின் உச்ச எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இந்தக் கட்டுப்பாடு உண்டு. நகர்ப்புறமாக வளர்ந்துவிட்ட பகுதி இரண்டாம் வகையில் வரும். அதில் கட்டலாம், ஆனால் ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ, அங்கீகாரம் பெற்ற பழைய கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான். சாலைக்கும் கடலுக்கும் நடுவில் பிற்பாடு போட்ட புதுத் தெருவைக் காட்டி "சாலைக்கு இந்தப் பக்கம்தானே" என்று வாதாட முடியாது, அறிவிக்கையிலேயே அதற்குத் தடை இருக்கிறது. உங்கள் மனை விரைவு சாலைக்குக் கிழக்கா மேற்கா என்று நீங்கள் எழுதவில்லை. என்னைக் கேட்டால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். மேற்கு என்றால் மேலே பேசலாம். கிழக்கு என்றால், தெருவில் பத்து மூன்று மாடி வீடுகள் நின்றாலும், அவற்றுக்கு அனுமதி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

உயர் ஓதக் கோடு என்பது கரையில் நுரை நிற்கும் இடமல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் குறித்துக் கொடுக்கும் கோடு அது. தரகர் அடியெடுத்து அளந்த 180 மீட்டர் எந்த அலுவலகத்திலும் செல்லாது. சர்வே எண்ணை வைத்துக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் மனை எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். உள்ளூர் அளவில் 1:4000 வரைபடத்தில் சர்வே எண்களோடு தெரியும். 2019 அறிவிக்கைப்படி, சொந்தமாகக் குடியிருக்க 300 சதுர மீட்டர், அதாவது சுமார் 3,230 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு உள்ளாட்சி அமைப்பே விதிகளைச் சரிபார்த்து அனுமதி தரலாம். கீழே கடை, மேலே வாடகை என்று வரும்போது அந்தச் சலுகையை நம்பித் திட்டம் போடக் கூடாது. கொசஸ்தலை ஆறு, முகத்துவாரம், கடல் நீர் ஏறும் கால்வாய்ப் பகுதிகள் ஆகியவற்றின் கரைக்கும் இதே கட்டுப்பாடு உண்டு: 2011-இன்படி 100 மீட்டர், 2019-இன்படி 50 மீட்டர், அல்லது ஓடையின் அகலம், இதில் எது குறைவோ அது. கடலை மட்டும் அளந்துவிட்டுப் பின்னால் ஓடும் கால்வாயை மறப்பவர்கள் நிறைய.

பத்திரம் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். கடலோரக் குப்பங்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் வீடுகள் பல புறம்போக்கில் நிற்கின்றன. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, ரேஷன் கார்டு எல்லாம் இருக்கும். அவை வசிப்பதைக் காட்டும், உரிமையைக் காட்டாது. நத்தம் பட்டா நல்ல ஆவணம்தான், ஆனால் அந்தப் பட்டா இந்த மனைக்கு உரியதா என்று பார்க்க வேண்டும். நகர நில அளவை முடிந்த இடத்தில் பழைய சர்வே எண் போய் வார்டு, பிளாக், நகர சர்வே எண் வந்திருக்கும். மூன்றும் பொருந்த நகர நில அளவைப் பதிவேட்டின் நகலை வாங்குங்கள். குறைந்தது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்றும், மூலப் பத்திரமும் வேண்டும்.

மூலப் பத்திரம் கையில் வந்ததும் செக்குபந்தியை (நான்கு பக்க எல்லை விவரத்தை) ஒவ்வொரு பத்திரத்திலும் படியுங்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்திய பத்திரத்தில் "இன்னார் வீட்டுக்கு மேற்கு" என்று இருக்கும் மனை, பிந்திய பத்திரத்தில் "கடற்கரைப் புறம்போக்குக்கு மேற்கு" என்று ஆகியிருந்தால், நடுவில் இருந்த அந்த வீடு எங்கே போனது என்று கேட்க வேண்டும். வேறு எந்த வரைபடமும் சொல்லாத அரிப்பை அந்த ஒரு வரி சொல்லிவிடும். மனையின் கிழமேல் அளவு பத்திரத்துக்குப் பத்திரம் வளர்ந்திருந்தால் அது வேறு விதமான ஆபத்து: பொது மணலை வளைத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

இன்னும் மூன்று கண்ணிகள். அரசு இலவசமாகக் கொடுத்த ஒப்படைப் பட்டாவில் இத்தனை வருஷம் விற்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கலாம், ஆணையின் நகலைக் கேளுங்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் கட்டிய குடியிருப்புகள் போன்ற நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரிய (பழைய குடிசை மாற்று வாரிய) வீடுகளைப் பவர் எழுதி விற்பார்கள், ஒதுக்கீடு பெற்றவர் பெயரில் வாரியம் விற்பனைப் பத்திரம் தராத வரை அதில் கை வைக்காதீர்கள். கோயில் நிலமா என்றும் பார்த்துவிடுங்கள். அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவுப்படி ஆணையரின் அனுமதி இல்லாமல் கோயில் நிலத்தை விற்றால் செல்லாது. இவற்றைவிட அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று உண்டு. முறையான அனுமதி வாங்காமல் இருந்த மீனவர் வீடுகளை வரன்முறை செய்ய 2011 அறிவிக்கை வழி செய்தது, ஆனால் இரண்டு நிபந்தனையோடு: வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, பாரம்பரியக் கடலோர சமூகத்தைச் சேராதவருக்கு விற்கக் கூடாது. அப்படி வரன்முறையான வீடு என்றால், நீங்கள் அந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராக இல்லாத பட்சத்தில், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

காகிதம் எல்லாம் சரியாக வந்து, மனை சாலைக்கு மேற்கே என்றும் ஆகிவிட்டால், கட்டுமானத்தைப் பார்ப்போம். உப்புக் காற்றில் வீட்டைக் கொல்வது கம்பியில் பிடிக்கும் துரு. துரு, இரும்பு இருந்த இடத்தைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் வெடித்து உதிரும். வாங்குவதற்கு முன் அதே தெருவில் பத்துப் பதினைந்து வருஷ வீடுகளின் பால்கனி அடிப்பக்கம், சன்ஷேட் முனை, தூணின் கீழ் இரண்டு அடி ஆகியவற்றைப் பாருங்கள். கம்பி ஓடும் நேர்கோட்டிலேயே விரிசல் ஓடினால், பழுப்புக் கறை இறங்கினால், துரு உள்ளே வேலையைத் தொடங்கிவிட்டது. சின்னச் சுத்தியால் லேசாகத் தட்டுங்கள். கணீர் என்றால் நல்லது, பொத்தென்று கேட்டால் மேல்தோல் பிரிந்திருக்கிறது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 கடலோரச் சூழலைக் கடுமையான வகையில் வைக்கிறது. அதற்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட், கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், நீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கான்கிரீட் மூடாக்கு (கவர்). அலைத் துளி நேரே வந்து படும் தூரம் என்றால் எம்35, 340 கிலோ, 50 மி.மீ. விகிதத்தை மேஸ்திரி மொழியில் சொன்னால், 50 கிலோ மூட்டைக்கு 22.5 லிட்டர் தண்ணீர், மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அதில் சேர்த்தி. கண்ணளவில் ஊற்றினால் எளிதாக 30 லிட்டர் ஆகிவிடும். கொட்டுவதற்கு இலகுவாக இருக்கும், காய்ந்த பிறகு உப்பு நுழைய ஆயிரம் துளை இருக்கும். கலவை இறுகலாகத் தெரிந்தால் பிளாஸ்டிசைசர் (கலவையை இளக்கும் ரசாயனம்) சேர்க்கச் சொல்லுங்கள், தண்ணீர் சேர்க்க விடாதீர்கள். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக்கை எண்ணிப் பாருங்கள். உடைந்த டைல்ஸ் துண்டை வைத்தால் 45 மி.மீ. வராது. கட்டுக்கம்பியின் முனைகளை உள்ளே மடக்க வேண்டும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு முனை போதும், துரு அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போகும். கடற்கரை மணல் ஒரு சட்டி கூடச் சேரக் கூடாது. கலவைக்குப் பயன்படும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். நல்ல தண்ணீரில் கலந்துவிட்டு உப்புப் போர் தண்ணீரில் கியூரிங் செய்தால் எல்லாம் வீண். பி.பி.சி. (பொஸலானா கலந்த சிமெண்ட்) அல்லது கசடு சிமெண்ட் என்றால் 10 நாளாவது நனைத்து வைக்க வேண்டும்.

தண்ணீர். மணல் நிலத்தில் மழைநீர், கனமான கடல் நீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால் அதன் அடியில் ஏறக்குறைய 40 மீட்டர் நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. இதையே திருப்பிப் பாருங்கள்: மேலே 1 மீட்டர் உறிஞ்சிவிட்டால் கீழிருந்து உப்பு 40 மீட்டர் ஏறப் பார்க்கும். திருவொற்றியூர் கரையில் நல்லதண்ணீர் ஓடைக் குப்பம் என்றே ஓர் ஊர் இருக்கிறது, அந்தப் பெயருக்கு உரிய தண்ணீரை இன்று ஆழப் போர் போட்டுத் தேடினால் உப்புதான் வரும். இந்த மனையிலும் 150 அடிக்குப் போர் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நாலைந்து மீட்டர் உறைக்கிணறு, சின்ன மோட்டார், விட்டு விட்டு இறைப்பது, கூரை மழைநீரை அதே கிணற்றின் பக்கத்தில் இறக்குவது, இதுதான் இங்கே நிலைக்கும். பக்கத்து வீட்டுக் கிணற்றில் டி.டி.எஸ். (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற அளவு) அளந்து பாருங்கள், மே மாதத்தில் அளந்தால்தான் உண்மை தெரியும். குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. குடிக்கக் குடிநீர் வாரிய இணைப்பு உறுதியாக வேண்டும், மனை வாசலில் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

சாலைக்கு மேற்கே போவதால் தண்ணீரிலிருந்து தப்பிவிட்டோம் என்றும் நினைக்க வேண்டாம், அங்கே பக்கிங்காம் கால்வாய் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பக்கம் தெருக்களில் வெறும் வெள்ளம் வரவில்லை, எண்ணெய் கலந்த வெள்ளம் வந்தது. சுவரில் ஒட்டிய கறுப்புக் கோடு சில வீடுகளில் இன்னும் தெரியலாம், தெரிந்தால் அதுதான் உங்கள் வெள்ள மட்டம். அதற்கு மேல் ஓர் அடியாவது உயர்த்தித் தரைமட்டம் வையுங்கள், சம்ப் மூடியையும் அதே உயரத்துக்குத் தூக்குங்கள். காற்றுக்கும் இதே கவனம் வேண்டும். பகலில் கடற்காற்று வீசும்போது போய்ப் பார்த்தால் எல்லாம் சுகமாக இருக்கும். மணலி ஆலைகள் தென்மேற்கே இருப்பதால் இரவிலும் விடியற்காலையிலும் நிலக்காற்றோடு அந்த வாடை வரும், அந்த நேரத்திலும் இரண்டு முறை போங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அம்மோனியா கசிந்து ஊரே இருட்டில் ஓடியது. குடும்பத்தோடு குடிபோக நினைப்பவர் இதைத் தெரிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டும்.

கடைசியாக, குப்பம் இருக்காது என்ற பேச்சு. ஊர் மாறிக்கொண்டிருப்பது உண்மை. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011-இல் மாநகராட்சியோடு சேர்ந்தன, 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. முகத்துவாரத்தில் இறாலும் மடவையும் பிடித்தவர்களுக்கு அனல்மின் நிலையச் சாம்பலும் துறைமுகங்களும் இடத்தைச் சுருக்கிவிட்டன, பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். ஆனால் தொழில் முடிந்துவிட்டது என்று சொல்ல ஆதாரம் எதுவும் இல்லை. திருவொற்றியூர்க் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகத்தை அரசே கட்டியிருக்கிறது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை உண்டு, அப்போது போனால் எந்தக் காலி இடத்தில் வலை விரித்துச் சீர் செய்கிறார்கள் என்று தெரியும். பைபர் படகு ஏற்ற, வலை காய வைக்க, கருவாடு உலர்த்த ஊருக்கு மணல் வேண்டும். அரிப்பில் அந்த மணல் பாதி போய்விட்டது, மிச்சம் இருப்பதையும் மனையாக்கினால் படகைத் தெருவில்தான் நிறுத்த வேண்டும். இந்தப் பொது இடங்கள் யார் பெயரிலும் பட்டாவாக இருக்காது, ஆனால் எது எதற்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் வாங்கப்போவது அப்படிப்பட்ட இடமாக இருந்தால், சட்டத்தில் ஓட்டை கிடைத்தாலும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். ஊர் நிர்வாகிகளைப் போய்ப் பாருங்கள், தரகரை அழைத்துப் போகாதீர்கள். இந்த இடம் முன்பு என்னவாக இருந்தது என்று கேளுங்கள், மறைக்காமல் சொல்வார்கள்.

மனை சாலைக்கு மேற்கே, நகர நில அளவைப் பதிவேட்டில் தனியார் பெயரில், கால்வாயிலிருந்து போதிய தூரத்தில் இருந்தால் வீடு கட்டிக் குடியிருக்க வாங்கலாம். மூன்று மடங்கு விலைக்காக என்றால் என் பதில் வேண்டாம் என்பதுதான். முன்பணத்தை முடிந்தவரை குறைவாகக் கொடுத்து, விற்பனை ஒப்பந்தத்தில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: கடலோர ஒழுங்குமுறை காரணமாகக் கட்டட அனுமதி மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதும் திரும்ப வேண்டும், அளந்து கல் நட்ட பிறகே கிரயம். விற்பவர் இந்த இரண்டு வரிக்கு ஒப்பவில்லை என்றால் வேறு மனை பாருங்கள். ஒப்புக்கொண்டால் நகர சர்வே எண்ணோடு இங்கேயே மறுபடி எழுதுங்கள், வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று சேர்ந்து பார்க்கலாம்.